வணிகத் தொழிலுக்குப் பள்ளி அறிவியல் எதற்கு?

பள்ளியில் இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் படித்த ஒருவர் பின்னாளில் விற்பனை, நிதி, மேலாண்மை என்று வணிகத்தின் பக்கம் போய்விட்டால், அத்தனை ஆண்டு படித்ததும் வீணாயிற்றே என்று யாராவது ஒருவர் சொல்வது வழக்கம். தனிம வரிசை அட்டவணையை வைத்துக்கொண்டு வரவு செலவு பார்க்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அறிவியல் பாடம் என்றால் அதில் உள்ள செய்திகள் மட்டுமே என்று எடுத்துக்கொண்டால்தான் அந்தக் கவலைக்கு இடம் உண்டு. செய்திகளில் பெரும்பகுதி மறந்துபோகும். ஒன்றை நம்புவதற்கு முன் அளந்து பார்ப்பது, அளந்ததைத் தக்க ஒன்றோடு ஒப்பிடுவது, ஒப்பிட்ட பிறகும் நம் முடிவு தவறாகலாம் என்பதற்கு இடம் கொடுப்பது ஆகிய மூன்று பழக்கங்கள், ஆய்வகத்தில் ஒழுங்காகப் படித்தவரிடம் தங்கிவிடும். வணிகத்தில் நேரும் இழப்புகளைத் துருவிப் பார்த்தால், பல நேரங்களில் இந்த மூன்றில் ஏதோ ஒன்று விடுபட்டிருப்பது தெரியும். அது எப்படி என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தனி ஊசல் ஆய்வைப் பள்ளியில் படித்த ஏறத்தாழ எல்லோரும் செய்திருப்பார்கள். நூலில் கட்டிய குண்டைச் சற்றே விலக்கி விட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை நிறுத்துக்கடிகாரத்தில் குறிப்போம். நூலின் நீளம் 1 மீட்டர் என்றால் ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 2 நொடி ஆகும். ஆகவே 20 அலைவுகளுக்கு 40 நொடியை ஒட்டி வர வேண்டும். முதல் முறை 40.3 வரும், அடுத்த முறை 39.9, அதற்கடுத்து 40.5. நூல் மாறவில்லை, குண்டு மாறவில்லை, புவியீர்ப்பும் மாறவில்லை. எண் மட்டும் மாறுகிறது. பொத்தானை விரல் அழுத்தும் கணத்தில் நேரும் சிறு முன்பின்னே அதற்குக் காரணம். 40.5 வந்துவிட்டது என்பதற்காக நூல் நீண்டுவிட்டது என்று எந்த மாணவரும் முடிவு கட்டுவதில்லை. பலமுறை அளந்து சராசரி எடுக்கிறார். அதே மாணவர் ஒருமுறை 42.2 வந்தால் மட்டும் நின்று யோசிக்கிறார். கூடுதலாக வந்திருப்பது சரியாக ஓர் அலைவின் நேரம் என்பதைக் கண்டதும், எண்ணும்போது ஒன்றை விட்டுவிட்டோம் என்று அவருக்குப் புரிகிறது. எந்த மாற்றத்தைப் பொருட்படுத்தாமல் விட வேண்டும், எந்த மாற்றத்துக்குக் காரணம் தேட வேண்டும் என்ற பாகுபாட்டை அவர் அங்கே பழகுகிறார்.

வாராந்திர விற்பனைக் கூட்டத்தில் இந்தப் பாகுபாடு அரிதாகவே தென்படும். விலையிலோ விளம்பரத்திலோ ஆட்களிலோ எதையும் மாற்றாதபோதும் விற்பனை வாரத்துக்கு வாரம் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். 3 விழுக்காடு இறங்கிய வாரத்தில் மேலாளர் விற்பனையாளர்களைக் கடிந்துகொள்கிறார். அடுத்த வாரம் எண் தானாகவே மேலே வருகிறது. கடிந்துகொண்டது பலித்தது என்று அவர் முடிவு செய்கிறார். நன்றாக ஏறிய ஒரு வாரத்தில் பாராட்டுகிறார். அடுத்த வாரம் இறங்குகிறது. பாராட்டினால் ஆட்கள் சோம்பிவிடுகிறார்கள் என்ற இரண்டாவது பாடத்தையும் கற்றுக்கொள்கிறார். இரண்டும் தவறான பாடங்கள். 40.5 வந்ததும் நூலைக் கத்தரித்துக் குட்டையாக்கியதற்கு ஒப்பான வேலையைத்தான் அவர் செய்துகொண்டிருக்கிறார்.

இந்தச் சிக்கலுக்கு முறையான விடை கண்டவர் ஓர் இயற்பியலாளர். வால்டர் ஷூவார்ட் 1917-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பிறகு தொலைபேசிக் கருவிகள் தயாரித்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் சேர்ந்தார். 1924 மே 16 அன்று அவர் தம் மேலதிகாரிக்கு அனுப்பிய ஒரு சிறு குறிப்பில் ஒரு வரைபடம் இருந்தது. நடுவில் சராசரியைக் காட்டும் ஒரு கோடு, அதற்கு மேலும் கீழும் ஓர் எல்லைக் கோடு, இடையில் ஒவ்வொரு நாளின் அளவீடும் ஒரு புள்ளி: கட்டுப்பாட்டு வரைபடம் என்று இன்று அழைக்கப்படுவதன் அடிப்படை இவ்வளவுதான். புள்ளி எல்லைக்குள் இருந்தால் அது இயல்பான ஏற்ற இறக்கம், அதைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை. எல்லையைத் தாண்டினால் அங்கே தனிக் காரணம் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம், அதைத் தேட வேண்டும். கணித இயற்பியலில் 1928-ல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற எட்வர்ட்ஸ் டெமிங் இந்தச் சிந்தனையை எடுத்துக்கொண்டு 1950-ல் ஜப்பானியப் பொறியாளர்களுக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் பாடம் நடத்தினார். தொழிற்சாலைக்கென்று பிறந்த இந்த முறை விற்பனை, வாடிக்கையாளர் புகார், பணம் வசூலாகும் காலம் என்று எண்ணால் குறிக்கக்கூடிய எதற்கும் பொருந்தும்.

ஒரு முடிவுக்கு வர எத்தனை அளவீடுகள் போதும் என்ற கேள்வி இதோடு ஒட்டி வருகிறது. ஆய்வகத்தில் மூன்றோ ஐந்தோ அளவீடு எடுத்து நிறுத்திக்கொள்கிறோம். வணிகத்திலும் சில வேளைகளில் அதற்கு மேல் கிடைக்காது. ஆக்ஸ்போர்டில் வேதியியலும் கணிதமும் படித்து, 1899-ல் டப்ளினில் உள்ள கின்னஸ் மதுவடிப்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்த வில்லியம் கோசெட் எதிர்கொண்டது இதே சிக்கலைத்தான். எந்த வாற்கோதுமை நல்லது என்று சில மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு தீர்மானிக்க வேண்டியிருந்தது. குறைந்த மாதிரிகளிலிருந்து எவ்வளவு உறுதியாகப் பேச முடியும் என்பதற்கு அவர் கண்ட வழி 1908-ல் கட்டுரையாக வந்தது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வுகளை வெளியிட ஆலை இடம் தராததால், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரை அவர் பயன்படுத்தினார். இன்றும் புள்ளியியல் வகுப்பில் அந்தச் சோதனைக்கு அதே பெயர்தான். பள்ளி வேதியியலில் வரும் பிஹெச் அளவுகோலும் ஒரு மதுவடிப்பு நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்ததே. கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் சோரன்சன் என்பவர் 1909-ல் அதை வகுத்தார். அறிவியல் ஒரு பக்கம், வணிகம் மறு பக்கம் என்று நாம் போட்டுவைத்திருக்கும் வேலி பாடத்திட்டத்தில் இருக்கும் அளவுக்கு நடைமுறையில் இல்லை.

அடுத்தது ஒப்பிடுதல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை என்பது ஆய்வகத்தின் முதல் விதி. விதை முளைக்க ஒளி தேவையா என்று பார்க்க விரும்பும் மாணவர், ஒரு தொட்டியை இருட்டிலும் மற்றொன்றை வெளிச்சத்திலும் வைப்பார். மண், நீர், வெப்பம் ஆகியவை இரண்டுக்கும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வார். இருட்டில் இருப்பதற்கு நீர் ஊற்ற மறந்துவிட்டால், அது முளைக்காமல் போனதை வைத்து ஒளியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இப்போது ஒரு நிறுவனம் விலையைக் குறைக்கிறது, அதே வாரத்தில் புதிய விளம்பரமும் விடுகிறது, போட்டியாளரிடம் அந்த வாரம் சரக்கு இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். விற்பனை 20 விழுக்காடு கூடுகிறது. விலைக் குறைப்புக்குக் கிடைத்த வெற்றி என்று நிதிப் பிரிவு சொல்லும், விளம்பரத்துக்குக் கிடைத்த வெற்றி என்று விளம்பரப் பிரிவு சொல்லும். உண்மையில் யாருக்கும் எதுவும் தெரியாது. விலையை ஒரு பகுதியில் மட்டும் குறைத்து, அதைப் போன்ற இன்னொரு பகுதியில் பழைய விலையையே வைத்திருந்தால், இரண்டின் வேறுபாடு ஓரளவுக்கு விடை சொல்லியிருக்கும்.

கட்டுப்பாட்டுக் குழு என்று உயிரியலில் படிப்பது இதைத்தான். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கடற்படை மருத்துவர், ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, அடிப்படை உணவை எல்லோருக்கும் ஒன்றாக வைத்து, மருந்தை மட்டும் இணைக்கு இணை மாற்றிக் கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைவில் தேறினார்கள். இன்று ஓர் இணையதளம் தன் பயனர்களில் ஒரு பகுதியினருக்குப் பழைய பக்கத்தையும் இன்னொரு பகுதியினருக்குப் புதிய பக்கத்தையும் காட்டி, எது அதிகம் வாங்க வைக்கிறது என்று பார்க்கும் முறை அதன் நேர் வாரிசு. கருவிகள் மாறியிருக்கின்றன; யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கும் ஒழுங்கும் பின்னர் சேர்ந்தது. தர்க்கம் அன்றிருந்ததே.

அலகுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடையில் அலகு எழுதாவிட்டால் மதிப்பெண் குறைக்கும் ஆசிரியரைக் கெடுபிடிக்காரர் என்று நினைக்காத மாணவர் இல்லை. அந்தக் கெடுபிடியின் மதிப்பை 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் ஒன்றில் நடந்ததைக் கொண்டு அறியலாம். எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யாததால், தொட்டியில் இருந்ததை அளவுகோல் விட்டுப் பார்த்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோகிராம். லிட்டரை எடையாக மாற்ற 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். அந்த எண் ஒரு லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்பதைக் குறிப்பது. கிலோகிராம் வேண்டுமென்றால் ஏறத்தாழ 0.8-ஆல் பெருக்கியிருக்க வேண்டும். அந்த விமானம் கிலோகிராமில் கணக்கிடும் புது வகையைச் சேர்ந்தது, பழக்கமோ பவுண்டில் இருந்தது. விளைவாக, 20,000 லிட்டருக்கு மேல் நிரப்ப வேண்டிய இடத்தில் 5,000 லிட்டருக்கும் குறைவாகவே நிரப்பினார்கள். நடுவானில் இரண்டு இயந்திரங்களும் நின்றுவிட்டன. கிம்லி என்னும் ஊரில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தின் ஓடுபாதையில் விமானிகள் அதைச் சறுக்கிக்கொண்டே இறக்கினார்கள். நல்லவேளையாக எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு லிட்டர் நீரின் நிறை 1 கிலோகிராம். விமான எரிபொருள் மண்ணெண்ணெய் வகை, அது நீரில் மிதக்கும். அப்படியிருக்க, ஒரு லிட்டர் எரிபொருள் 1.77 கிலோகிராம் இருக்கவே முடியாது. அடர்த்தி பற்றிய நடுநிலைப் பள்ளிப் பாடத்தை ஒரு கணம் நினைத்திருந்தால் கணக்கு அங்கேயே பிடிபட்டிருக்கும்.

வணிகக் கணக்குகளில் இந்த வகைப் பிழைகள் விபத்தாக வெடிப்பதில்லை, ஓசையில்லாமல் உட்கார்ந்திருக்கும். மாத வட்டியை ஆண்டு வட்டியோடு ஒப்பிடுவது, ஆயிரங்களில் எழுதிய நிரலையும் இலட்சங்களில் எழுதிய நிரலையும் கூட்டுவது, வரிக்கு முந்தைய இலாபத்தை வரிக்குப் பிந்தையதோடு சேர்த்துப் பேசுவது எல்லாம் அலகுப் பிழைகளே. விடையின் அளவு நடக்கக்கூடியதா என்று தோராயமாகச் சரிபார்க்கும் பழக்கம் உள்ளவர் இவற்றைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்.

அளக்கும் பழக்கம் ஒரு துறையிலிருந்து மறு துறைக்கு நடந்து போவதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஜோசையா வெட்ஜ்வுட். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பீங்கான் பொருள்கள் செய்து விற்றுப் பெருஞ்செல்வம் சேர்த்தவர். களிமண் கலவைகளையும் மெருகுகளையும் ஆயிரக்கணக்கான சோதனைத் துண்டுகளில் பார்த்து, ஒவ்வொன்றையும் எண்ணிட்டுக் குறித்து வைத்தார். சூளைக்குள் இருக்கும் பெருவெப்பத்தை அளக்க அன்று கருவி இல்லாததால், சூட்டில் களிமண் எவ்வளவு சுருங்குகிறது என்பதைக் கொண்டு வெப்பத்தைக் கணிக்கும் ஒரு வெப்பமானியை அமைத்தார். 1783-ல் இங்கிலாந்தின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. அதற்கு முன்பே, 1772-ல் கடன் நெருக்கடி வந்து விற்பனை விழுந்தபோது, சூளையைப் பார்த்த அதே கண்ணோடு தம் கணக்கேடுகளைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு பொருளுக்கும் ஆகும் செலவைப் பிரித்து எழுதியபோது, அச்சு, வாடகை, எழுத்தர் சம்பளம் போன்ற சில செலவுகள் பொருள் கூடுதலாகச் செய்தாலும் குறைவாகச் செய்தாலும் ஏறத்தாழ மாறாமல் நிற்பதைக் கண்டார். எனவே ஒரே வகைப் பொருளை அதிக எண்ணிக்கையில் செய்தால் ஒன்றுக்கான செலவு குறையும் என்பது அவருக்குத் தெளிவாயிற்று. நிலையான செலவு, மாறும் செலவு என்று இன்று வணிகவியல் மாணவர்கள் முதல் ஆண்டில் படிக்கும் பாகுபாட்டை அவர் தம் ஏடுகளை அளந்தே கண்டடைந்தார். கணக்கேட்டைப் புரட்டியதில் எழுத்தர் செய்துவந்த மோசடி வெளிப்பட்டது தனிக்கதை.

வளர்ச்சியும் தேய்வும் எப்படி நடக்கும் என்ற உணர்வை அறிவியல் தருகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாதந்தோறும் 5 விழுக்காடு வாடிக்கையாளர்களை இழக்கும் ஒரு நிறுவனம் 20 மாதங்களில் காலியாகிவிடும் என்று மனக்கணக்கு சொல்லும். கதிரியக்கத் தேய்வையும் அரை ஆயுட்காலத்தையும் படித்தவருக்கு, ஒவ்வொரு மாதமும் எஞ்சியிருப்பதில்தான் 5 விழுக்காடு போகிறது என்பது நினைவுக்கு வரும். 14-ஆம் மாத முடிவில் பாதிக்குச் சற்றுக் கீழேயும், 20-ஆம் மாத முடிவில் ஏறத்தாழ 36 விழுக்காடாகவும் எண்ணிக்கை இருக்கும். கூட்டு வட்டியும் பாக்டீரியாவின் பெருக்கமும் ஒரே வளைகோட்டில் ஏறுகின்றன என்பதும், எந்தப் பெருக்கமும் உணவோ இடமோ தீரும் வரைதான் என்பதும் உயிரியல் மாணவருக்குப் புதிதல்ல. தொடக்க ஆண்டுகளின் வேகத்தை அப்படியே பத்தாண்டுக்கு நீட்டி வரைந்த திட்ட அறிக்கையை அவர் அவ்வளவு எளிதில் நம்பமாட்டார்.

இதுவரை சொன்னது முறையைப் பற்றி. செய்திகளுக்கும் மதிப்பு இல்லாமல் இல்லை. மருந்து, உணவுப் பதப்படுத்துதல், எரிசக்தி, வேளாண் இடுபொருள், காப்பீடு ஆகிய துறைகளில் விற்பவரோ முதலீடு செய்பவரோ, பொறியாளர் பேசுவதைப் பின்தொடரும் அளவுக்காவது அடிப்படை அறிந்திருக்க வேண்டும். அது இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு 2003-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தெரனோஸ் நிறுவனம் ஒரு பாடம். விரல் நுனியிலிருந்து எடுக்கும் சில துளி இரத்தத்தில் எண்ணற்ற சோதனைகளைச் செய்துவிட முடியும் என்று அது சொன்னது; முதலீட்டாளர்கள் 70 கோடி டாலருக்கு மேல் கொட்டினார்கள்; ஒரு கட்டத்தில் அதன் மதிப்பு 900 கோடி டாலர் என்று கணிக்கப்பட்டது. கருவி சொன்னபடி வேலை செய்யவில்லை. நிறுவனம் 2018-ல் கலைந்தது. நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக 2022 ஜனவரியில் தண்டனைக்குரியவர் எனத் தீர்ப்பானது. விரலைக் குத்தி எடுக்கும் இரத்தத்தில் திசுநீர் கலக்கும், பிழிந்தால் சிவப்பணுக்கள் உடையும் என்பது உயிரியலின் அடிப்படை. அதை அறிந்தவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: ஒரே ஆளின் நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தை வழக்கமான ஆய்வகத்தில் சோதித்த முடிவோடு உங்கள் முடிவை ஒப்பிட்ட தரவு எங்கே? பெரும்பணம் போட்டவர்களில் பலர் அந்தத் தரவைக் கையில் வாங்கிப் பார்க்கவே இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு அறிவியலின் எல்லையையும் சொல்லிவிடுவது நேர்மை. அணுக்கள் தம்மைப் பற்றி எழுதிய அறிக்கையைப் படிப்பதில்லை, மனிதர்கள் படிக்கிறார்கள். விலை குறையப்போகிறது என்று ஒரு கணிப்பு வெளியானால் வாங்குவோர் காத்திருக்கத் தொடங்குவார்கள், அந்தக் காத்திருப்பே விலையைக் குறைத்துவிடும். சந்தையில் ஒரு சோதனையை அதே சூழலில் மறுபடி செய்ய முடியாது. மேலும், அறிவியல் நன்றாகப் படித்தவர்களிடம் தரவு முழுமையாகும் வரை முடிவைத் தள்ளிப்போடும் குணம் சில வேளைகளில் காணப்படும். வணிகத்தில் பாதித் தரவோடு முடிவெடுக்க வேண்டிய நாட்களே அதிகம். தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. ஆட்களோடு பேசிப் பழகும் திறனை எந்த ஆய்வகமும் கற்றுத்தராது.

அறிவியல் பாடத்தைப் படித்த எல்லோருக்கும் மேலே சொன்ன பயன் வந்துவிடும் என்றும் நான் நம்பவில்லை. விடைகளை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியவருக்கு இவற்றில் எதுவும் கிடைத்திருக்காது. தரம்பார்த்தல் ஆய்வில் அடுத்த மேசைக்காரருக்கு என்ன அளவு வந்தது என்று எட்டிப் பார்த்து, தம் அளவீட்டை அதற்கேற்பத் திருத்திப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் பல வகுப்பறைகளில் கண்டும் காணாமல் விடப்படுகிறது. அதுவே பெரிய கேடு என்பேன். வர வேண்டிய எண்ணை முதலில் முடிவு செய்துவிட்டு அளவீட்டை அதற்கு இசைய வைக்கும் அந்தக் கைப்பழக்கம், பின்னாளில் காலாண்டு இலாபத்தை எதிர்பார்ப்புக்குப் பொருந்த வைக்கும் கணக்கரிடம் போய் முடியும். வந்த அளவை வந்தபடி எழுதி, எதிர்பார்த்ததிலிருந்து ஏன் விலகிற்று என்று அடியில் இரண்டு வரி சேர்க்கும் மாணவரே வணிகத்துக்குத் தேவையான பயிற்சியைப் பெறுகிறார். அளப்பதற்கு முன்பே என்ன வரும் என்று எதிர்பார்க்கிறோம் என்பதைப் பென்சிலில் குறித்து வைப்பதும் நல்லது. முடிவு தெரிந்த பிறகு, எனக்கு இது முன்பே தெரியும் என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள அந்தக் குறிப்பு விடாது. புதிய பொருளைச் சந்தைக்கு விடும் குழுக்கள், எவ்வளவு விற்றால் தொடர்வது, எவ்வளவுக்குக் கீழே போனால் நிறுத்துவது என்று முன்கூட்டியே எழுதி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

பள்ளியில் அறிவியல் எடுத்துவிட்டு வணிகத்துக்குப் போக நினைப்பவர், கல்லூரியில் சேரும் முன், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையைச் சொந்தமாகவாவது கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரியாமல் அங்கே எதையும் அளக்க முடியாது. கூடவே ஒரு பக்கத்துக்குள் ஒரு கருத்தைத் தெளிவாக எழுதப் பழக வேண்டும். புள்ளியியலை இரண்டுக்கும் முன்னால் தொடங்கிவிடலாம். சராசரி, பரவல், மாதிரி என்று ஆய்வகத்தில் ஏற்கெனவே கையாண்டவைதான் அதில் வேறு பெயர்களில் வருகின்றன என்பதால், அறிவியல் மாணவருக்கு அது கடினமாக இருக்காது.